டுகாங் என்றால் 'கடல் சீமாட்டி'யா? கடற்பசுவின் பெயர்கள் வந்த வழி

கேட்கப்பட்ட கேள்வி இது: பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவை ஆங்கிலத்தில் டுகாங் என்கிறார்கள். அது 'கடல் சீமாட்டி' என்று பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாகப் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அது உண்மைதானா, நம் கடற்கரைப் பெயர்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

மலாய்த் தொடர்பு உண்மை. 'சீமாட்டி' என்ற பொருள் பிற்பாடு ஏற்றப்பட்டது. அந்த விலங்கின் பெயர்தான் கடற்கன்னிக்குப் போய்ச் சேர்ந்ததே தவிர, கடற்கன்னியின் பெயர் விலங்குக்கு வரவில்லை. தமிழ்ப் பெயர்களுக்கும் மலாய்ச் சொல்லுக்கும் எவ்வகை உறவும் தெரியவில்லை. இவற்றை ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

மலாய் மொழியில் இந்த விலங்கின் பெயர் 'டுயுங்'. சாவக மொழியிலும் அதுவே. பிலிப்பைன்ஸின் தகாலோகில் 'டுயோங்', சுலாவெசித் தீவின் மக்காசர் மொழியில் 'ருயுங்'. தைவானில் தொடங்கி மடகாஸ்கர் வரையிலும் பசிபிக் தீவுகள் வரையிலும் பரவிய ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், அதன் மலாய-பாலினேசியப் பெருங்கிளையின் மூல மொழியிலேயே 'டுயுங்' என்ற வடிவம் இருந்திருக்க வேண்டும் என்றும், அதன் பொருள் இந்த விலங்குதான் என்றும் மீட்டுருவாக்கம் செய்திருக்கிறார்கள். அதாவது படகேறித் தீவுகளுக்கிடையே பரவிய மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கையோடு கொண்டுபோன சொல் இது. யானை, புலி என்பவற்றைத் தமிழர் எவ்வாறு பிரிக்காமல் அப்படியே ஒரு விலங்கின் பெயராக உணர்கிறோமோ, அவ்வாறே மலாய்க்காரர்களும் இச்சொல்லை உணர்கிறார்கள். இதைக் 'கடல்' என்றும் 'பெண்' என்றும் இரண்டாகப் பிரிக்க மலாயில் இடமே இல்லை; மலாயில் கடலுக்கு 'லாவுட்', பெண்ணுக்கு 'பெரெம்புவான்'.

அப்படியானால் 'சீமாட்டி' எங்கிருந்து வந்தாள்? இன்றைய மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் கடற்கன்னியைக் குறிக்க 'புத்ரி டுயுங்' என்ற தொடர் வழங்குகிறது. 'புத்ரி' நமக்குத் தெரிந்த சமற்கிருதச் சொல்தான். அங்கே இளவரசி என்ற பொருளில் வழங்குகிறது. இந்தத் தொடரின் அமைப்பைச் சற்று உற்றுப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது. டுயுங் என்ற சொல்லிலேயே பெண் என்ற பொருள் இருந்திருந்தால், அதன் முன்னே 'புத்ரி' என்று ஒரு பெண்பாற் சொல்லைக் கொண்டுவந்து ஒட்டவேண்டிய தேவையே எழுந்திருக்காது. விலங்கைக் குறிக்கும் சொல்லோடு பெண்மை வெளியிலிருந்து சேர்க்கப்பட்டது. பிறகு சுருக்கப் பேச்சில் 'டுயுங்' என்று மட்டும் சொன்னாலும் கடற்கன்னி நினைவுக்கு வரத் தொடங்கினாள். அந்த இரண்டாம் பொருளைப் பார்த்த சுற்றுலாக் கையேடுகளும் விலங்குப் புத்தகங்களும் அதையே சொற்பிறப்பு என்று எழுதிவிட்டன. ஒரு சொல் பின்னாளில் பெற்ற பொருளை அதன் பிறப்பு என்று எடுத்துக்கொள்வது சொற்பிறப்பில் மிகப் பரவலாக நடக்கும் பிழை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலி மொழியிலும் இதே நிலைதான்: 'ங்குவா' என்ற ஒரே சொல் கடற்பசுவையும் கடற்கன்னியையும் குறிக்கிறது.

அடுத்த சிக்கல் ஒலி பற்றியது. டுயுங் என்பதில் யகரம் இருக்கிறது. டுகாங் என்பதில் அந்த இடத்தில் ககரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இது அச்சுப்பிழை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கீழைநாட்டு ஆங்கிலச் சொற்களுக்கான புகழ்பெற்ற அகராதியான 'ஹாப்சன்-ஜாப்சன்' 1886இல் முதலில் வந்தபோது மலாய், சாவகம், மக்காசர் வடிவங்களைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டது. வில்லியம் குரூக் பதிப்பித்த 1903ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ஒரு திருத்தக் குறிப்பு சேர்ந்தது: பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில் வழங்கிய 'டுகுங்' என்ற வடிவமே ஐரோப்பாவுக்கு வந்தது என்றும், பிரெஞ்சு இயற்கையியலாளர் பூஃபோன் 1765இல் அதைப் பரப்பினார் என்றும் அது சொல்கிறது. ஆகவே ககரம் பூஃபோனின் மேசையில் பிறந்த பிழை என்று கொள்வதைவிட, அவர் கைக்கு வந்த பயணக் குறிப்பிலேயே அது இருந்தது என்று கொள்வதே பொருத்தம். சில அகராதிகள் இன்றும் மலாயையே நேர் மூலமாகக் காட்டுகின்றன, சில பிலிப்பைன்ஸ் வடிவத்தைக் காட்டுகின்றன. மலாய் 'டுயுங்'கும் லெய்டேயின் 'டுகுங்'கும் ஒரே மூலச்சொல்லின் பிள்ளைகள் என்பதால், இந்த வேறுபாடு வழியைப் பற்றியதே தவிர வேரைப் பற்றியது ஆகாது.

பூஃபோன் தம் பெரிய 'இயற்கை வரலாறு' வரிசையின் பதின்மூன்றாம் தொகுதியில், கடல்நாய்களையும் வால்ரஸையும் பற்றி எழுதும் இடத்தில் இவ்விலங்கைச் சேர்த்தார். பிரெஞ்சு வழக்கத்துக்கு ஏற்ப இறுதி ஒலியைச் சுருக்கி 'டுகோன்' என்று எழுதினார். 1776இல் ஜெர்மானியரான முல்லர் அறிவியல் பெயரிட்டபோது அந்தப் பிரெஞ்சு வடிவத்தையே சிற்றினப் பெயராக வைத்தார். 1799இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேத் பேரினப் பெயரிட்டபோது 'டுகோங்' என்று இறுதி மெல்லொலியோடு எழுதினார். இன்றைய அறிவியல் பெயரான 'டுகோங் டுகோன்' என்பது ஒரே சொல்லின் இரண்டு எழுத்துமுறைகளை அடுத்தடுத்து வைத்த பெயர். அறிவியல் பெயர்களில் இப்படி ஒரே சொல் இருமுறை வருவது புதிதல்ல என்றாலும், இரண்டு தடவையும் வேறுவேறாக எழுதப்பட்டு நிலைத்துப்போனது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும் செய்தி.

புத்தகங்களில் உலவிய பெயருக்கு உடலும் சேர்ந்தது சிங்கப்பூரில்தான். 1819இல் அங்கே கிடைத்த கடற்பசு ஒன்றைப் பற்றி, அங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் எழுதியனுப்பிய குறிப்பு 1820இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியானது. அதில் மலாய் மீனவர்கள் 'டுயுங் பும்பான்', 'டுயுங் புந்தால்' என்று இரண்டு வகைகளைப் பிரித்துச் சொல்வதாகவும், பின்னது குட்டையும் பருமனுமானது என்றும் எழுதுகிறார். குட்டி பிடிபட்டால் தாயும் தானே வந்து அகப்படும் என்று மலாய்க்காரர்கள் இதைத் தாய்ப்பாசத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதும், குட்டி சிந்தும் கண்ணீரை எடுத்துவைத்துக் காதல் வசியத்துக்குப் பயன்படுத்துவதும் அதே குறிப்பில் வருகின்றன. விலங்கோடு நெருங்கிப் பழகிய மக்களிடம் வகைப்பெயர்கள், வேட்டை நுணுக்கம், தாய்ப்பாசம், கண்ணீர் எல்லாம் இருந்தன. அரை உடல் பெண்ணாக இருக்கும் உருவம் மட்டும் அந்தக் குறிப்பில் வரவில்லை.

கடற்கன்னி வேறு திசையிலிருந்து வந்தாள். 1493 ஜனவரியில் கொலம்பஸ், கரீபியக் கடலின் ஹிஸ்பானியோலாத் தீவின் கரையோரமாக மூன்று கடற்கன்னிகள் நீரிலிருந்து எழுந்ததைக் கண்டதாகவும், ஓவியங்களில் காட்டப்படும் அழகு அவற்றுக்கு இல்லை என்றும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் கண்டவை மானட்டி என்னும் அமெரிக்கக் கடற்பசுக்கள் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. நம் பக்கத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1560இல் மன்னார்த் தீவருகே மீனவர் வலையில் ஆணும் பெண்ணுமாக ஏழு 'கடல் மனிதர்கள்' சிக்கினார்கள் என்றும், கோவாவிலிருந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் மருத்துவர் போஸ்கேஸ் அவற்றை அறுத்துப் பார்த்து உள்ளுறுப்புகள் எல்லா வகையிலும் மனிதரை ஒத்திருப்பதாகச் சொன்னார் என்றும் இயேசு சபையின் வரலாறு பதிவு செய்கிறது. அதை நேரில் கண்டவர்களில் ஒருவராகப் பிற்காலத்து எடுத்துரைப்பொன்று குறிப்பிடுவது ஹென்றீக்கஸ் பாதிரியாரை. தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் வெளிவரக் காரணமாக இருந்த அதே ஹென்றீக்கஸ்தான் அவர். இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி 1861இல் எழுதிய எமர்சன் டென்னென்ட் இந்தச் செய்தியை எடுத்துக்காட்டி, சிக்கியவை மன்னார்க் கடலின் கடற்பசுக்களே என்று காட்டுகிறார். வலையை இழுத்த மன்னார் மீனவர்களுக்குத் தாங்கள் பிடித்தது என்ன என்று தெரியாமலா இருந்திருக்கும்? அவர்கள் வாயில் வந்த பெயரையும் பாதிரியார் கேட்டு எழுதிவைத்திருந்தால், இன்று நமக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

மனித உருவத்தை இவ்விலங்கில் ஏன் கண்டார்கள் என்பதற்கு உடலமைப்பில் ஒரு காரணம் இருக்கிறது. பெண் கடற்பசுவுக்கு மடிக்காம்பு வயிற்றின் பின்பக்கம் இருப்பதில்லை. ஒவ்வொரு துடுப்புக்கையின் அடியிலும், நமக்கு அக்குள் இருக்கும் இடத்தை ஒட்டி, ஒவ்வொரு காம்பு உண்டு. மேல்பாகத்தில் மார்பும் கைபோன்ற துடுப்பும், கீழே பிளவுபட்ட மீன்வால். ஏற்கெனவே மனத்தில் கடற்கன்னிக் கதையோடு கப்பலேறியவனுக்கு இவ்வளவு போதும்.

அந்தக் கதையை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் பெர்லின் அறிஞர் இல்லிகர். 1811இல் அவர் கடற்பசுக்களுக்குத் தனிப் பிரிவு வகுத்து, பாட்டால் மாலுமிகளை மயக்கும் கிரேக்கப் புராணத்தின் சைரன்களை நினைத்து 'சைரனியா' என்று பெயரிட்டார். நம் கடற்பசுவுக்கு 'ஹாலிகோரே' என்று புதுப் பேரினப் பெயரும் கொடுத்தார். கிரேக்கத்தில் 'ஹால்ஸ்' என்றால் கடல், 'கோரே' என்றால் கன்னி. ஆக, 'கடற்கன்னி' என்ற பொருள் உண்மையிலேயே ஒரு பெயரின் சொற்பிறப்பாக அமைந்தது இந்த ஜெர்மானியரின் கிரேக்கப் பெயரில்தான். லாசெபேத் முன்னரே பெயரிட்டிருந்தமையால் முன்னுரிமை விதிப்படி ஹாலிகோரே பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் 19ஆம் நூற்றாண்டு நூல்கள் பெரும்பாலும் அதையே பயன்படுத்தின. 'டுகாங்' என்ற பெயரையும் 'கடற்கன்னி' என்ற விளக்கத்தையும் ஒரே பக்கத்தில் படித்துப் பழகியவர்கள் இரண்டையும் இணைத்துவிட்டார்கள் என்றே கருதுகிறேன். இன்னொரு முரணும் இங்கே உண்டு: ஹோமர் காலத்துச் சைரன்களுக்குப் பழைய கிரேக்கக் கலையில் பறவை உடல், மீன்வால் இடைக்காலத்தில்தான் ஒட்டியது.

உறவு விலங்கான மானட்டியின் பெயரிலும் இதே போன்ற பின்னோக்கிய விளக்கங்கள் ஏற்பட்டன. கரீபியத் தீவுகளில் ஸ்பானியர் காதில் விழுந்த 'மனாதி' என்ற சொல்லுக்குக் கரீப் மொழியில் முலை, மடி என்ற பொருள் கூறப்படுகிறது. ஸ்பானியர்களோ தம் மொழியில் 'மானோ' என்றால் கை என்பதால், கைகள் போன்ற துடுப்பு உடையதால்தான் இந்தப் பெயர் என்று விளக்கம் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் போன அதே சொல் 'லமாந்தேன்' ஆயிற்று; புலம்புதல் என்ற பொருளுடைய 'லமாந்தே' என்ற வினை குறுக்கே புகுந்து, விலங்கின் முனகல்தான் பெயருக்குக் காரணம் என்று ஒரு கதையையும் உண்டாக்கிவிட்டது. புரியாத அயற்சொல்லைக் கேட்கும் காது, தன் மொழியில் தெரிந்த சொல் ஒன்றைத் தேடிப் பிடித்து அதன்மேல் போர்த்தாமல் விடுவதில்லை.

இனி, உலகெங்கும் இவ்விலங்குக்கு வழங்கும் பெயர்களை எடுத்துக்கொண்டால் அவை ஏறத்தாழ இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன. ஒன்று, கரையில் தெரிந்த விலங்கோடு ஒப்பிட்டு வைத்த பெயர்கள்: டச்சு மொழியின் 'ஸேகூ', ஜெர்மனின் 'ஸேகூ', வனுவாட்டுத் தீவுநாட்டின் பிஸ்லாமா மொழியில் வழங்கும் 'காவ்ஃபிஸ்' எல்லாம் பசுவை வைத்துப் பிறந்தவை; சிங்களத்தின் 'முஹுது ஊரா' பன்றியை வைத்துப் பிறந்தது. இவ்வகைப் பெயர்கள் ஒரே விலங்கோடு நிற்பதில்லை. தென்னாப்பிரிக்காவுக்குப் போன டச்சுச் சொல் அங்கே ஆஃப்ரிகான்ஸ் மொழியில் நீர்யானைக்குப் பெயராகிவிட்டது. இரண்டாவது கூட்டம், வேட்டையாடி உண்டு அதனோடு வாழ்ந்த மக்கள் வைத்த, பிரித்துப் பொருள் காணமுடியாத தனிப்பெயர்கள்: டோரஸ் நீரிணைத் தீவுகளின் 'டங்கல்', பலாவுத் தீவுகளின் 'மெசெகியூ', ஓக்கினாவாவின் 'ஸான்', மேலே சொன்ன டுயுங். ஒப்பீட்டுப் பெயர் பெரும்பாலும் விலங்கை எப்போதாவது பார்த்தவன் வைத்தது. தனிப்பெயர் அதை நாள்தோறும் தேடிப் போனவனுடையது. இது இரும்பு விதியன்று, ஆனாலும் நல்ல வழிகாட்டி.

தமிழில் இரண்டு கூட்டத்துப் பெயர்களும் உள்ளன. 'கடற்பசு' என்பது தெளிவான ஒப்பீட்டுப் பெயர். கடற்புல் மேய்வதால் வந்தது, விளக்கம் வேண்டாதது. கடற்குதிரை, கடற்பன்றி என்ற வரிசையில் இயல்பாக அமைந்துவிட்டதால் பாடநூல்களும் அரசு அறிவிப்புகளும் இதையே எடுத்துக்கொண்டன. ஆனால் இராமநாதபுரக் கரையில் மீனவர் வாயில் வழங்குவது 'ஆவுளியா'. இது இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்த சொல் என்பது என் கருத்து. 'ஆ' என்றால் பசு என்பதால் அந்த முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டு, இதுவும் பசுவென்றே பொருள்படும் பழந்தமிழ்ச் சொல் என்று நிறுவத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'ஆ'வைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் 'உளியா' என்ற பகுதிக்கு இலக்கண முறைப்படி விளக்கம் தராதவரை, அது மானோவையும் மனாதியையும் முடிச்சுப் போட்ட ஸ்பானிய விளக்கத்தைவிட எவ்வகையிலும் மேலானதன்று. ஓரெழுத்து ஒற்றுமை எந்தச் சொல்லுக்கும் கிடைக்கும். டுயுங்கோடு இணைப்பதற்கும் இதுவே மறுப்பு: 'டுயுங்' எந்த ஒலிமாற்றத்தாலும் 'ஆவுளியா' ஆகாது. மலாய்க் கடலோடிகளுக்கும் சோழமண்டலக் கரைக்கும் இருந்த வணிக உறவு எவ்வளவு உண்மையோ, அந்த உறவு மட்டுமே ஒரு சொல்லின் பயணத்துக்குச் சான்றாகாது என்பதும் அவ்வளவு உண்மை.

தமிழ் வாசகர்களுக்கு, அறியாமலேயே பழக்கமாகியிருக்கக்கூடிய இன்னொரு பெயரும் உண்டு. விவிலியத்தின் யாத்திராகமம் 25, 26ஆம் அதிகாரங்களில் இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் மேல்மூடிக்கு 'தகசுத்தோல்' சொல்லப்படுகிறது. இது எபிரேயத்தின் 'தஹஷ்' என்ற சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியது. ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பு இதை வளைக்கரடியின் தோல் என்றது. பிற்கால மொழிபெயர்ப்பொன்று கடற்பசுத் தோல் என்றது. ஓங்கிலை (டால்பினை)க் குறிக்கும் 'துகஸ்' என்ற அரபுச் சொல்லோடு உள்ள ஒலியொற்றுமையும், செங்கடலில் இவ்விலங்கு வாழ்வதும், அதன் தடித்த தோல் செருப்புக்குப் பயன்பட்டதும் இந்தக் கருத்துக்குத் துணை. 1834இல் ஜெர்மானிய ஆய்வாளர் ரூப்பெல் செங்கடல் கடற்பசுவுக்கு 'ஹாலிகோரே தபெர்னாகுலி', அதாவது 'கூடாரத்தின் ஹாலிகோரே' என்றே பெயர் வைத்தார். மறுபக்கம், பண்டைய மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியில் சாயமேற்றிய தோலையும் ஒரு நிறத்தையும் குறிக்கும் 'துஹ்ஷு' என்ற சொல்லோடு இணைத்து, தஹஷ் விலங்கே அன்று என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். என் கணிப்பில் அந்த வாதம் வலுவானது. எதுவானாலும், தீர்மானிக்க முடியாத சொல்லை ஏதோவொரு விலங்காக மாற்றிவிடாமல் 'தகசு' என்றே விட்டுவைத்த தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பாராட்டுக்குரிய எச்சரிக்கையோடு நடந்துகொண்டார்கள்.

எழுதுபவர்களுக்குப் பயன்படும் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தமிழில் 'கடற்பசு' என்ற பெயர் டுகாங்குக்கும் மானட்டிக்கும் பொதுவாகக் கையாளப்படுவதால், இணையத்தில் நம் கடற்பசுவைப் பற்றிய கட்டுரைகளில் அமெரிக்க மானட்டியின் படம் இடம்பெறுவதை அடிக்கடி காண்கிறோம். மானட்டியின் வால் துடுப்புப்போல ஒரே வட்டமாக இருக்கும். நம் கடற்பசுவுக்கு ஓங்கிலைப் போல நடுவில் பிளந்த வால். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாப் பகுதியில் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 'கடற்பசு பாதுகாப்பகம்' என்று அறிவித்தபோது பொதுப்பெயரே அதிகாரப் பெயராகவும் ஆகிவிட்டது. அதனால் 'கடற்பசு' என்பதை சைரனியா வரிசை முழுவதற்கும் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, நம் கடலில் வாழ்வதை மட்டும் தனித்துக் குறிக்க வேண்டிய இடங்களில் 'ஆவுளியா' என்றே எழுதுவதுதான் குழப்பமில்லாத வழி என்பது என் பரிந்துரை. மானட்டியை மானட்டி என்றே எழுதலாம்.